மூன்று கல்லும் இருந்தால்தான் அடுப்பு



போன கோடை விடுமுறையில் ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். ஜமுனாமரத்தூரில் என் நாத்தனார் குடியிருக்கிறாள். போளூரிலிருந்து பஸ் வளைந்து வளைந்து மேலே ஏற, காற்றோடு மனசும் குளிர்ந்தது. ஆனால் நான் போனது காற்று வாங்க மட்டும் இல்லை. எனக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை. "மலையிலே சாமைச் சோறுதான். அதைத் தின்றால் சர்க்கரை ஓடியே போயிடும்" என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பத்து நாள் அரிசியைத் தொடாமல், மேடு பள்ளமெல்லாம் நடந்து, வியாதியை ஒரேயடியாக விரட்டிவிட்டு வரலாம் என்று எனக்குப் பேராசை!

போன அன்றே சோற்றை நிறுத்தினேன். சாமைகூட இரண்டு கரண்டிதான். ராத்திரிக்குக் கூட்டும் மோரும். "என்ன அண்ணி, குழந்தை சாப்பிடற மாதிரி சாப்பிடறீங்க?" என்று நாத்தனார் கேட்டதற்குச் சிரித்து மழுப்பினேன்.

மூன்றாம் நாள் காலை, வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு பக்கத்து வீட்டுப் பெண்ணுடன் கொல்லைமேட்டுப் பக்கம் கிளம்பினேன். அரைமணி ஏறியிருப்போம். கை நடுங்கியது, கண் மங்கியது, காரணமில்லாமல் எரிச்சல் வந்தது. மேடு ஏறிய களைப்பு என்றுதான் நினைத்தேன். அவள்தான் நின்று பார்த்தாள். "இந்தக் குளிர்ல இப்படி வேர்க்குதே அக்கா! உட்காருங்க." பக்கத்துக் குடிசைக்கு ஓடிப் போய் ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிக் கரைத்துக் கொண்டுவந்து குடிக்க வைத்தாள். கால்மணியில் கண் தெளிந்தது. வீட்டுக்கு வந்து மெஷினில் பார்த்தால், அத்தனை சர்க்கரை குடித்த பிறகும் 78தான்! அவள் மட்டும் கூட இல்லாவிட்டால்? நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

ஊர் திரும்பியதும் டாக்டரிடம் நல்ல திட்டு. "அடுப்புக்கு மூணு கல்லும்மா. சாப்பாடு, நடை, மாத்திரை. இரண்டை நீங்களா நகர்த்திட்டு மூணாவதை அப்படியே வச்சீங்க. சட்டி சாயாம என்ன பண்ணும்?" என்றார்.

அவர் சொன்னது இதுதான். நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. நடந்து முடித்துப் பல மணி நேரம் கழித்தும் அந்த வேலை நடக்கும். நான் சாப்பிடும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகள், நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்கச் செய்யும். இன்சுலின் ஊசியும் அப்படித்தான். மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. ஆகவே சோற்றைக் குறைத்து நடையைக் கூட்டப் போகிறீர்களானால், முதலில் டாக்டரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள். எனக்கு அவரே அளவைக் குறைத்துக் கொடுத்தார்.

சாமை விஷயத்துக்கு வருவோம். 100 கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். சாமையில் சுமார் 65. நார்ச்சத்து சாமையில்தான் அதிகம். நல்ல தானியம்தான், மருந்து அல்ல. அந்த மலைப் பெண்கள் தட்டு நிறையச் சாமைச் சோறு சாப்பிடுகிறார்கள். ஆனால் களை பறிப்பது, விறகு சுமப்பது, மேடு ஏறி இறங்குவது என்று பொழுதெல்லாம் உழைக்கிறார்கள். அவர்கள் தானியத்தை மட்டும் வாங்கி வந்து சோபாவில் உட்கார்ந்து சாப்பிட்டால் எப்படி?

அதற்காகச் சோற்றை அடியோடு விட வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வொன்று 2022-இல் வெளிவந்தது. புதிதாகச் சர்க்கரை கண்டவர்கள், சாப்பாட்டுச் சக்தியில் மாவுச்சத்தின் பங்கை 100க்கு 49 முதல் 54க்குள் கொண்டுவந்தால் நல்லது என்கிறது அது. என் வீட்டுக் கணக்கு சுலபம்: தட்டில் பாதி காய், கீரை, கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன், மீதிக் கால் பங்குதான் சோறோ சாமையோ. சாப்பிட்டதும் படுக்காமல் பத்து, பதினைந்து நிமிஷம் நடப்பேன். தவிர, வாரத்தில் ஐந்து நாள் அரைமணி வேக நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். "வீட்டு வேலை போதாதா?" என்கிறீர்களா? நின்று நின்று செய்கிற அடுக்களை வேலை அந்த வேகத்துக்கு ஈடாகாது.

நடக்கப் போகும்போது முந்தானையில் ஒரு சின்னப் பொட்டலம் சர்க்கரை முடிந்துகொள்ளுங்கள். நடுக்கம், வேர்வை, திடீர்ப் பசி வந்தால் நின்றுவிடுங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரை சாப்பிட்டு, கால்மணி கழித்துச் சோதித்துப் பாருங்கள். 70க்குக் கீழேயே இருந்தால் மறுபடியும் அதே அளவு. சரியானதும் ஏதாவது ஆகாரம் சாப்பிடுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்ததா? பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி சோதித்துக்கொள்ளுங்கள். பிறகும் விட்டுவிடாதீர்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தாமாகச் சோற்றைக் குறைக்கவே கூடாது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை வரும் விளிம்பில் இருந்தவர்களை மூன்று வருஷம் கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் 100க்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்தது. உணவைத் திருத்தி நடந்தவர்களில் 39 பேருக்குத்தான்.

இந்த வருஷமும் மலைக்குப் போகப் போகிறேன். சாமையும் உண்டு, நடையும் உண்டு. ஆனால் காலை ஆகாரத்துக்குப் பிறகு, முந்தானை முடிச்சோடு!