ஆஸ்யாவுக்கு ஏற்றவனா இவன்?

இவான் துர்கனேவ் 1858இல் வெளியிட்ட 'ஆஸ்யா' குறுநாவலை எத்தனை முறை வாசித்தாலும் அதன் நடை அலுப்பதில்லை. ரைன் நதிக்கரைச் சிற்றூர், நிலவொளி, ஓரிடத்தில் நில்லாத பதினேழு வயதுப் பெண் என அனைத்தும் சில சொற்களிலேயே உயிர் பெறுகின்றன. ஆயினும் கதையைச் சொல்லும் நாயகன் மீது எனக்கு எள்ளளவும் பரிவு ஏற்படவில்லை.

நிலப்பிரபுவுக்கும் பணிப்பெண்ணுக்கும் பிறந்த ஆஸ்யா, தன் பிறப்பை எண்ணிக் கூசுபவள். அவளே துணிந்து தன் காதலை வெளிப்படுத்தும்போது அவன் செய்வது என்ன? தமையனிடம் அனைத்தையும் கூறிவிட்டதற்காக அவளையே கடிந்துகொள்கிறான். அவள் ஊரைவிட்டுச் சென்றபின் வருந்துகிறான். பின்னர், அத்தகைய மனைவியுடன் தான் மகிழ்ச்சியாக வாழ்ந்திருக்க முடியாது என்று தன்னைத் தேற்றியும் கொள்கிறான்.

அதே ஆண்டில் எழுதிய கட்டுரையில் செர்னிஷெவ்ஸ்கி, இவனை ரஷ்யத் தாராளவாதிகளின் கோழைத்தனத்துக்குச் சான்றாக்கினார். அரசியலுக்கு அது பொருந்தலாம். என் குறை வேறு. கோழையை நாயகனாக்குவது தவறன்று. ஆனால் இவனிடம் ஆஸ்யா கண்டது என்ன என்பதைத் துர்கனேவ் காட்டவேயில்லை. காரணம் புரியாத காதல் முறியும்போது வாசகனுக்குத் துயரம் வருவதில்லை. அவள் தப்பினாள் என்ற நிம்மதியே வருகிறது. காதல் கதைக்கு அதைவிடப் பெரிய தோல்வி ஏது?