அஜந்தாவில் மட்டும் 9 மணிக்கு விடிகிறதா?

புது தில்லி: மே மாதத்தில் அஜந்தா மலைச்சரிவில் காலை 6 மணிக்கெல்லாம் நன்றாக வெளிச்சம் பரவிவிடுகிறது. ஆனால், குகைகளின் வாயில் திறக்கப்படுவதோ 9 மணிக்குத்தான். கோடையில் ஒரு மனிதன் வருத்தமின்றி அந்தப் படிகளில் ஏறக்கூடிய நேரம் இடைப்பட்ட அந்த மூன்று மணி நேரமே. அது ஆண்டுதோறும் யாருக்கும் பயன்படாமல் கழிகிறது.

மகாராஷ்டிரத்தில் கோடை வெயிலுக்குப் பெயர்போன பகுதி அது. அஜந்தாவுக்கு அருகிலுள்ள முக்கிய ரயில் நிலையமான ஜல்கானிலும், அதை அடுத்த புசாவலிலும் மே மாதத்தில் 45 டிகிரி செல்சியஸ் என்பது அதிசயச் செய்தி அல்ல. வாகூர் ஆறு குதிரை லாடம்போல் வளைந்து குடைந்த பள்ளத்தாக்கில், செங்குத்தான கரும்பாறையில் வெட்டப்பட்டவை இந்த 30 குகைகளும். முற்பகலில் அந்தப் பாறை வாங்கிக்கொள்ளும் வெப்பத்தைப் பிற்பகல் முழுவதும் திருப்பித் தந்துகொண்டே இருக்கும். மழைக்காலத்தில் அருவி விழும் இடத்தில் கோடையில் ஈரம்கூட இருப்பதில்லை.

பள்ளி விடுமுறையில் குடும்பம் குடும்பமாக வருவோருக்கு வேறு மாதம் வாய்ப்பதில்லை. ஷீரடி யாத்திரையுடன் எல்லோராவையும் அஜந்தாவையும் சேர்த்துக்கொள்ளும் தமிழகக் குடும்பங்களும் இவர்களில் உண்டு. சொந்த வாகனங்களை நான்கு கிலோமீட்டருக்கு முன்பே நிறுத்திவிட்டு, வரிசையில் நின்று அரசுப் பேருந்து ஏற வேண்டும். பிறகு நுழைவுச் சீட்டுக்கு ஒரு வரிசை, பிறகு படிகள். 1, 2, 16, 17 ஆகிய எண்களுள்ள ஓவியக் குகைகளில் ஒரு நேரத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையினரே அனுமதிக்கப்படுவர் என்பதால், அவற்றின் வாசலிலும் வரிசை. உள்ளே செல்லக் காலணியைக் கழற்ற வேண்டும். நண்பகலில் அந்தக் கல்தரையில் வெறுங்காலுடன் நிற்கும் குழந்தை போதிசத்துவரின் கண்ணழகை ரசிக்கும் என்று எதிர்பார்ப்பது சற்று அதிகம்தான்.

காலை 9 மணிக்குத் திறந்தால் கூட்டம் உச்சத்தை எட்டுவது நண்பகலில்தான். கடும் வெயில் நாள்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே செல்வதைத் தவிர்க்குமாறு தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஒவ்வொரு கோடையிலும் அறிவுறுத்துகிறது. மத்திய அரசின் ஓர் அமைப்பு 'வீட்டிலேயே இருங்கள்' என்று சொல்லும் அதே வேளையில், மத்திய அரசின் இன்னொரு துறை வகுத்த நேர அட்டவணை மக்களை வெட்டவெளியில் நிறுத்துகிறது.

பாதிக்கப்படுவது மனிதர்கள் மட்டுமல்ல என்பதுதான் இதில் கூடுதல் கவலை. அஜந்தா ஓவியங்கள் பாறையின் மீது நேரடியாகத் தீட்டப்பட்டவை அல்ல. மண்ணும் உமியும் புல்லும் குழைத்துப் பூசிய காரைமீது வரையப்பட்டவை. அந்தக் காரையைப் பூச்சிகள் அரிக்கின்றன; ஈரம் தளர்த்துகிறது. நிஜாம் ஆட்சியில் 1920-களின் தொடக்கத்தில் இத்தாலியிலிருந்து வரவழைக்கப்பட்ட வல்லுநர்கள் நல்ல நோக்கத்துடன் பூசிய வார்னிஷ்கூடப் பின்னாளில் மஞ்சளடித்து, அதை நீக்குவதே பெரும்பாடாயிற்று. இத்தகைய சுவர்களுக்கு இடையே, வியர்வையில் நனைந்த கூட்டம் சில மணி நேரத்துக்குள் நெருக்கியடித்து நின்று மூச்சு விடுவதால் உள்ளே ஈரப்பதமும் கரியமில வாயுவும் ஏறுகின்றன. அதே கூட்டம் அதிகாலைக்கும் மாலைக்குமாகப் பிரிந்து வந்தால் சுவருக்கும் நல்லது, பார்ப்பவருக்கும் நல்லது.

நேரத்தை மாற்றச் சட்டம் இடம் தரவில்லை என்று கூற முடியாது. 1959-ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் விதிகளின்படி, அட்டவணையில் தனியே நேரம் குறிக்கப்பட்டவை நீங்கலாக மற்ற சின்னங்கள் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை திறந்திருக்க வேண்டும். தாஜ்மஹால் உதயத்துக்கு அரை மணி முன்பே திறக்கப்படுகிறது. தில்லியின் ஹுமாயூன் கல்லறை, குஜராத்தின் ராணி கி வாவ் உள்ளிட்ட 10 சின்னங்களை இரவு 9 மணி வரை திறந்து வைக்க 2019-இல் முடிவு செய்யப்பட்டது. இரவுக்கு முடிந்தது விடியலுக்கு ஏன் முடியாது?

நண்பகலில் மூடுவதும் புதுமையல்ல. கிரேக்க அரசு 2023 ஜூலையிலும் 2024 ஜூனிலும் வெப்ப அலை வீசிய நாள்களில் ஏதென்ஸின் அக்ரோபோலிஸை நண்பகலில் மூடியது. 2023 செப்டம்பர் முதல் அங்கு மணிக்கணக்கில் நேரம் ஒதுக்கி, நாளொன்றுக்கு 20,000 பேர் என்ற உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. அதனால் சுற்றுலா வருவாய் படுத்துவிடவில்லை.

ஆனால், அஜந்தா நகருக்கு நடுவே இருக்கும் குன்று அல்ல. சத்ரபதி சம்பாஜிநகரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் பயணம் செய்து நண்பகலில் வந்து சேர்பவர், மூடிய வாயிலைப் பார்த்துவிட்டு எங்கே ஒதுங்குவார்? இந்தக் கேள்வி நியாயமானது. இதற்கான விடை மலையடிவாரத்திலேயே கட்டப்பட்டிருந்தது என்பதுதான் வேதனை. ஜப்பானியக் கடனுதவியுடன் நடந்த திட்டத்தில், முக்கிய ஓவியக் குகைகளின் மாதிரிகளுடன் பார்வையாளர் மையம் ஒன்று 2013-இல் திறக்கப்பட்டது. வெயில் நேரத்தை நிழலில் கழிக்கவும், மாலையில் காணப்போவதை முன்கூட்டியே அறிந்துகொள்ளவும் அதைவிடப் பொருத்தமான இடம் இருந்திருக்காது. சில ஆண்டுகளிலேயே மின்கட்டணமும் குடிநீர்க் கட்டணமும் பாக்கி விழுந்து அதன் கதவுகள் சாத்தப்பட்டன. குகைகளுக்கான நுழைவுக் கட்டணமோ 2016-இல் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாகவும், 2018-இல் 40 ரூபாயாகவும் உயர்ந்தது.

இரண்டு வேளையாகத் திறந்தால் காவலர்களும் இரண்டு அணியாக வேண்டும். தொல்லியல் துறையில் ஆள் பற்றாக்குறை இருப்பதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2013-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே சுட்டிக்காட்டினார். உண்மையான தடை இதுதான், மற்றவை சாக்குகள். முதியவர்களை டோலியில் வைத்து நண்பகல் வெயிலில் படியேறும் தொழிலாளியைக் கேட்டால், காலை 6 மணிக்கே வரத் தயார் என்றுதான் சொல்வார்.

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை, இரண்டே மாதங்களுக்கு, காலை 6 முதல் 11 வரையும், பிற்பகல் 3.30 முதல் அஸ்தமனம் வரையும் அஜந்தாவைத் திறந்து பார்க்கலாம். திங்கள்கிழமை விடுமுறையில் கை வைக்க வேண்டியதில்லை. முதல் பேருந்து காலை 5.30 மணிக்குப் புறப்பட மாநில அரசு ஒப்புக்கொள்ள வேண்டும். எஞ்சிய அறிவிக்கை தில்லியிலிருந்து வர வேண்டும். அது கோடை தொடங்குவதற்கு முன்பே வந்தாக வேண்டும்.