காத்திருப்போர் வரிசையும் வேதியியல் கல்வியும்

கல்வி வேண்டி வந்தவனைக் கல்லூரி வாயிலில் நிறுத்தி வைப்பதும் ஒருவகை மறுப்பே ஆகும். இல்லையென்று வெளிப்படச் சொல்லிவிட்டால் அவன் வேறு வழி தேடிக்கொள்வான். 'பொறுத்திரு, பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டு, எத்துணை நாள் பொறுப்பது, எவர்க்குப் பின் பொறுப்பது, எந்த நெறிப்படி பொறுப்பது என்னும் மூன்றையும் சொல்லாது விடுவதே கொடிது. ஆண்டுதோறும் மேனிலைப் பள்ளித் தேர்வு முடிவுகள் வெளிவந்தபின், தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் வேதியியல் பயில விரும்பும் எளிய குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இந்நிலைக்கு ஆளாகின்றனர்.

வேதியியல் நமக்கு அயலான கல்வியன்று. சிவகாசியில் வெடிமருந்து கலக்கும் கைகள் தமிழர் கைகளே. திருப்பூரில் சாயம் தோய்க்கும் கைகளும், ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடும் கைகளும் தமிழர் கைகளே. காடியும் காரமும் கந்தகமும் நம் உழைப்பாளிகளின் தோலை அரிக்கின்றன; நொய்யலிலும் பாலாற்றிலும் நம் நீரைக் கெடுத்திருக்கின்றன. அப்பொருள்களைக் கையால் அறிந்தவரின் பிள்ளைகள் அவற்றை அறிவாலும் அறிதல் வேண்டாவா? தொழில் நம்முடையதாகவும், அத்தொழிலின் அறிவு பிறருடையதாகவும் இருக்குமட்டும், நாம் கூலிகளாகவே இருப்போம் என்பதில் ஐயமில்லை.

இனி, சேர்க்கை நடைபெறும் முறையைப் பார்ப்போம். 2020ஆம் ஆண்டு முதல் அரசு கல்லூரிகளுக்கான விண்ணப்பம் இணையவழியே பெறப்படுகின்றது. மேனிலை இரண்டாமாண்டுத் தேர்வில், மொழிப்பாடங்கள் நீங்கலாக, நான்கு பாடங்களில் பெற்ற மதிப்பெண்களைக் கூட்டி, 400க்கு இத்துணை என்று கணக்கிட்டு, அந்தந்தக் கல்லூரிக்கும் தனித்தனியே தரவரிசை வகுக்கின்றனர். முதற்கண் மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர் மக்கள், விளையாட்டு வீரர் முதலிய சிறப்புப் பிரிவினர்க்குக் கலந்தாய்வு நடைபெறும். பின்னர் பொதுக் கலந்தாய்வு. இடங்களோ 69 விழுக்காட்டு ஒதுக்கீட்டின்படி பகுக்கப்படுகின்றன. நூறு இடம் எனின், 31 பொது, 26.5 பிற்பட்டோர்க்கு, 3.5 பிற்பட்ட முசுலீம்களுக்கு, 20 மிகப் பிற்பட்டோர்க்கும் சீர்மரபினர்க்கும், 18 பட்டியலினத்தார்க்கு, அதனுள் 3 அருந்ததியர்க்கு, 1 பழங்குடியினர்க்கு.

இக்கணக்கை அறியாமையாலேயே பல பிள்ளைகள் ஏமாறுகின்றனர். தரவரிசை எண் வேறு; தன் பிரிவில் தான் நிற்கும் இடம் வேறு. பொதுப்பட்டியலில் நூற்றிருபதாவதாக நிற்கும் ஒரு மாணவி, தன் பிரிவில் ஒன்பதாவதாக நிற்கக்கூடும். அவள் பட்டியலின் முதல் எண்ணை மட்டும் பார்த்து, 'நமக்கு எங்கே கிடைக்கும்' என்று ஊர் திரும்பிவிடுகின்றாள். அவளுக்குரிய இடத்தை அவளுக்குப் பின்னால் நின்ற இன்னொருவர் பெறுகின்றார். அன்றேல், அவ்விடம் எவர்க்கும் பயன்படாது வெறுமையாய்க் கிடக்கின்றது.

இன்னொன்றையும் நம் மாணவர் உணர்தல் வேண்டும். காத்திருப்போர் பட்டியல் நகரும் பட்டியல். வேதியியலில் முதற்கண் இடம் பெறுவோர் மிகுந்த மதிப்பெண் பெற்றவர். அவருள் பலர் பொறியியலையும் மருத்துவத்தையும் வேளாண்மையையும் எதிர்நோக்கி இருப்பவர். அண்மை ஆண்டுகளில் கலை அறிவியல் கல்லூரிகளின் கலந்தாய்வு முந்தியும், பொறியியல், மருத்துவக் கலந்தாய்வுகள் பிந்தியும் நடைபெறுகின்றன. எனவே, இங்கு இடம் பெற்றோருள் ஒரு பகுதியினர் பின்னர் அங்குப் பெயர்ந்து செல்வது இயல்பு. அவர் விட்டுச்செல்லும் இடங்களுக்காகவே அடுத்த சுற்றுக் கலந்தாய்வு நடைபெறுகின்றது. பொறுத்திருப்போர்க்கு அங்கே வாய்ப்புண்டு. அஃது எந்நாள் என்று அறிந்தவர்க்கே உண்டு.

ஆனால் அந்நாளை அறிவது எப்படி? கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் ஒரு தாளை நாற்பது கல் தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து வந்து பார்க்க, பேருந்துக் கட்டணமும் ஒரு நாட்கூலியும் செலவாகும். கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் வந்தால், அதனைப் படித்துச் சொல்ல இன்னொருவரைத் தேடவேண்டும். தேடுவதற்குள் நாள் கடந்துவிடும். நகர்ப்புறத்துப் படித்த பெற்றோரின் பிள்ளைக்கு இவை தடையே அல்ல. ஆக, மதிப்பெண்ணால் ஒத்தவர் இருவருள் வெல்பவர், செய்தி முன்னர் எட்டப்பெற்றவரே ஆகின்றார். இஃது எவ்வகைத் தகுதி?

மொழியைப் பற்றியும் இங்குச் சொல்லியாகவேண்டும். ஆங்கிலவழி வகுப்பின் வரிசையில் காத்து நின்றுகொண்டே, தமிழ்வழி வகுப்பில் இடமிருந்தும் அதனை வேண்டாவென்று ஒதுக்கும் மாணவர் உளர். வேதியியலைத் தமிழில் கற்பிக்கவியலாது என்னும் பொய்யுரையை அவர் உள்ளத்தில் விதைத்தவர் எவர்? 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1875இல் வேதியியலுக்கென ஒரு பெருநூலைத் தமிழில் வெளிக்கொணர்ந்தார். அதன் பெயர் 'கெமிசுதம்' என்று அயற்சொல்லாய் இருப்பினும், உள்ளிருந்த பாடம் தமிழில் இருந்தது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அயலவர்க்கு இயன்றது, இன்று நம்மவர்க்கு இயலாது என்பது நாணத்தக்க பேச்சு.

பயன் கருதுவோர்க்கும் ஒரு செய்தி உண்டு. தமிழ்வழியில் பயின்றோர்க்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. பள்ளிப் படிப்பு முழுமையும் தமிழ்வழியில் இருத்தல் வேண்டுமென்று 2020இல் அது திருத்தப்பட்டது. முதல் வகுப்பு தொட்டுத் தமிழில் படித்த சிற்றூர்ப் பிள்ளை, கல்லூரியில் மட்டும் ஆங்கிலவழிக்கு மாறினால், பட்டப்படிப்பைத் தகுதியாய்க் கேட்கும் பணிகளில் தனக்குரிய முன்னுரிமையைத் தானே இழக்கின்றது. அவ்வாறு மாறிய பிள்ளைக்கு இதனைச் சேர்க்கையின்போது எடுத்துச் சொன்னவர் எவருமிலர்.

ஆகலின், அரசையும் கல்லூரிகளையும் நாம் வற்புறுத்திக் கேட்பன நான்கு.

ஒன்று: காத்திருப்போர் பட்டியலைப் பிரிவுவாரியாகத் தமிழில் வெளியிடுக, இடம் நிரம்புந்தோறும் அதனை அன்றன்றே திருத்துக.

இரண்டு: அடுத்த சுற்றுக் கலந்தாய்வு நாளை முதற்சுற்று முடியும்போதே அறிவித்திடுக, குறுஞ்செய்தி தமிழில் செல்க.

மூன்று: பிந்திச் சேரும் மாணவர்க்கு, அவர் தவறவிட்ட ஆய்வகச் செய்முறைகளைத் தனியே நடத்தித் தருக. வேதியியலைக் கரும்பலகையில் மட்டும் கற்றுவிட முடியாது. அளவுக்குழாயைப் பிடித்தறியாத கை, அவ்வறிவில் பாதியை இழந்த கையே. இடம் குறைந்திருப்பதற்கு ஆய்வக மேசைகள் குறைந்திருப்பது கரணியமெனின், மேசைகளைப் பெருக்குக, பிள்ளைகளைக் குறைக்காதீர்.

நான்கு: தமிழ்வழி வகுப்புகளுக்குச் செய்முறை நூல்களையும் பாடநூல்களையும் நல்ல தமிழில் தருக. நூலில்லாத வகுப்பைத் திறந்துவைத்துவிட்டு, எவரும் சேரவில்லை என்று பின்னர் மூடுவது சூழ்ச்சியாகும்.

மாணவர்க்கும் சில சொல்வோம். உன் பிரிவில் உன் வரிசை எண் என்னவென்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள். கேட்பதற்கு அஞ்சாதே, அது கெஞ்சுதல் அன்று, உன் உரிமை. ஒரே கல்லூரியை நம்பி நில்லாமல், அண்மையிலுள்ள பிற கல்லூரிகளையும் விண்ணப்பத்தில் குறி. அதுவரை வேறொரு கல்லூரியில் சேர்ந்திருப்பின், அவர்கள் உன் மூலச் சான்றிதழ்களைப் பிடித்துவைத்தல் கூடாதென்று பல்கலைக்கழக நல்கைக்குழு 2018இலேயே அறிவித்துள்ளதை எடுத்துக் கூறு. சான்றிதழ்களின் படிகளை அணியமாக வைத்திரு. அழைப்பு வரும் நாளில் ஒரு தாள் குறைந்தமையால் இடமிழந்தோர் உளர்.

நம் இயக்க அன்பர்களும் மேடையில் முழங்குவதோடு அமைதல் போதாது. ஒவ்வோர் ஊரிலும் சேர்க்கை நடைபெறும் திங்களில், மாலையில் ஒரு நாழிகை படிப்பகத்தில் அமர்ந்து, விண்ணப்பம் நிரப்பித் தருதலும், பட்டியல் பார்த்துச் சொல்லுதலும், தமிழ்வழியின் பயனை விளக்குதலும் எவர்க்கும் இயலும் பணிகளே. ஓராண்டில் ஓரூரில் ஒரு பிள்ளையேனும் இவ்வாறு ஆய்வகத்துள் நுழையுமாயின், அது நாம் எழுதும் நூறு கட்டுரைகளினும் மேலான தமிழ்ப்பணி என்போம்.