எண்ணும்மையும் எச்சவும்மையும்

இலக்கணம் வகுப்பறையோடு முடிந்துவிடும் என்று எண்ணுவோர், நமது அரசியலமைப்பின் பதினெட்டாம் உறுப்புரையை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். இலங்கையின் அரசகரும மொழி சிங்களம் என்கிறது முதற்பிரிவு. தமிழும் ஓர் அரசகரும மொழி என்கிறது இரண்டாம் பிரிவு. ஆங்கில வாசகத்தில் அவ்விடத்தில் நிற்பது ‘ஓல்சோ’ என்னும் வினையடை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழ் பேசுவோர்க்கு அளித்த மொழியுரிமை இச்சிறு சொல்லில்தான் தொங்குகிறது.

இதன் பொருள் யாது? “வாப்பாவும் வந்தார்” என்று ஒரு பிள்ளை சொன்னால், அவருக்கு முன் வேறொருவர் வந்துவிட்டார் என்பது சொல்லாமலே விளங்கும். இது எச்சவும்மை. “உம்மாவும் வாப்பாவும் வந்தார்கள்” என்றாலோ இருவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இது எண்ணும்மை. தேசிய மொழிகளைக் கூறும் பத்தொன்பதாம் உறுப்புரை சிங்களத்தையும் தமிழையும் ஒருசேர எண்ணுகிறது. அரசகரும மொழி என்று வந்ததும் அந்தச் சமவரிசை கலைந்துவிடுகிறது. மேடையில் போற்றுவதற்குச் சமம். கந்தோரில் கடிதம் எழுதுவதற்குப் பின்வரிசை!

1956இல் இந்நாட்டை ஆட்டிப்படைத்தது ‘ஒன்லி’ என்னும் வேறொரு வினையடை. அவ்வாண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தை நம் மக்கள் ‘தனிச் சிங்களச் சட்டம்’ என்றே அழைத்தனர். இடதுசாரிக் கட்சிகள் அன்று அதை எதிர்த்து நின்றன. அது நமக்குப் பெருமை. அதே கட்சிகள் 1966 ஜனவரியில் தமிழ் மொழி விதிகளுக்கு எதிரான அணியில் நின்றதும், அன்று எதிர்த்தவர்களுள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா அமைச்சராயிருந்து வரைந்த 1972ஆம் ஆண்டின் யாப்பு அச்சட்டத்துக்கே அரண் அமைத்ததும் வரலாறுதான். முற்போக்காளர் இதை மறைத்தல் தகாது.

“சட்டம் கிடைத்துவிட்டது, சொல்லில் என்ன இருக்கிறது?” என்பார் உளர். கிழக்கு மாகாணத்தின் நிருவாக மொழி தமிழ் என்று 1988ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தம் கூறுகிறது. அம்பாறை மாவட்டத்தில் பத்துப் பேரில் ஏறத்தாழ ஆறு பேர் தமிழ் பேசுவோர். ஆயினும் வயற்காணி பற்றிச் சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசித்துச் சொல்ல ஆள் தேடி அலையும் விவசாயியை நிந்தவூரிலும் காணலாம், சம்மாந்துறையிலும் காணலாம். கேட்டால், தமிழ்ப் பிரதி பின்னால் வரும் என்கிறார்கள். எச்சவும்மைக்கு இதைவிடத் தெளிவான உரை வேறுண்டோ? முதலில் ஒன்று வரும், மற்றது பின்னால் வரும், வராமலும் போகும். மேன்முறையீட்டுக்கான தவணையோ அதற்காகக் காத்திருப்பதில்லை.

“மொழிப் பிரச்சினை தமிழருடையது, முஸ்லிம்களுக்கு அதில் என்ன?” என்று நம்மவரே சிலர் கேட்கின்றனர். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்தரும் மருதமுனைப் புலவர்மணி ஷரிபுத்தீனும் ஒரே மொழியிலேதான் எழுதினார்கள். அந்தக் கடிதம் விளங்காமல் திகைப்பவன் பள்ளிவாசலுக்குப் போகிறவனா, கோயிலுக்குப் போகிறவனா என்று எந்தக் கந்தோரும் விசாரிப்பதில்லை.

நமது கோரிக்கை எளியது: சிங்களமும் தமிழும் இலங்கையின் அரசகரும மொழிகள் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். இதனால் சிங்களத் தொழிலாளி தன் மொழியில் ஓரெழுத்தையும் இழக்கமாட்டான். அதுவரை, விளங்காத படிவத்தில் கையொப்பமிட மறுப்போம். தமிழ்ப் பிரதியை எழுத்திற் கேட்போம். மறுத்தால், 1991ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே முறையிடுவோம். ஆசிரியர்களே, உம்மையின் எட்டுப் பொருள்களையும் பரீட்சைக்காக ஒப்புவிக்கச் செய்தால் போதாது. அவற்றுள் எதில் நம்மை நிறுத்தியிருக்கிறார்கள் என்பதையும் மாணவர்க்குக் காட்டுங்கள்.