டீக்கடையில் வந்த 'பம்பர்'

கிரிவலப் பாதையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த பெரியவர் போனை நீட்டினார். "தம்பி, கேரளா லாட்டரியாம். பணம் அனுப்பினா நம்பர் வருமாம். அனுப்பட்டுமா?"

கேரளா 1967-ல் தொடங்கியபோது சீட்டு 1 ரூபாய், முதல் பரிசு 50,000. மறு வருஷமே தமிழ்நாடும் அரசு லாட்டரி நடத்தியது. அப்புறம் சிக்கிம், நாகாலாந்து, பூடான் சீட்டெல்லாம் நம்ம ஊர்க் கடைகளில் தொங்கின. ஒற்றை நம்பருக்குப் பரிசு தரக்கூடாது என்று 1998-ல் மத்திய அரசு சட்டமே போட்டது. ஆனாலும் கூலிக் காசு வீடு போய்ச் சேரவில்லை. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு லாட்டரிக்கே தடை போட்டது.

இன்று அந்தக் கடை போனுக்குள் வந்துவிட்டது. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: கேரள அரசு ஆன்லைனில் சீட்டு விற்பதே இல்லை. காகிதச் சீட்டு மட்டும்தான். தமிழ்நாட்டில் அதையும் விற்கக்கூடாது. அப்படியானால் போனில் வருவது?

"அனுப்பாதீங்க ஐயா, மோசடி" என்று விஷயத்தைச் சொன்னேன்.

பெரியவர் சிரித்தார். "எங்கப்பா வாங்கின சீட்டுல பரிசு விழலை. ஆனா கையில சீட்டாவது இருந்துச்சு!"

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இன்றே சொல்லிவிடுங்கள்.