ஊருக்கு ஒரு ரேடியோ... களத்துமேட்டில் ஒரு மரக்கால் ஒதுக்கத் தயாரா?

''திருப்பனந்தாள் சுற்றுவட்டாரத்தில் குறுவை, சம்பா, வாழை செய்யும் சிறு விவசாயிகள் நாங்கள். முறைத் தண்ணீர், பூச்சித் தாக்குதல், கொள்முதல் நிலைய நிலவரம் என எதுவாக இருந்தாலும் கடைசியில்தான் எங்கள் காதுக்கு வருகிறது. செல்போனில் வருவதில் எது உண்மை என்றும் தெரிவதில்லை. நாங்களே சேர்ந்து ஒரு சமுதாய வானொலி தொடங்க முடியுமா? யாரிடமும் கையேந்தாமல், கேட்பவர்கள் கொடுக்கும் பணத்திலேயே அதை நடத்த முடியுமா?''

- திருப்பனந்தாள் வட்டார வாசகர்கள்.

முடியும். ஆனால், தொடங்குவது சுலபம், மூன்றாவது வருஷமும் நடத்துவதுதான் கஷ்டம். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம்.

வானொலிக்கும் உங்கள் மண்ணுக்கும் பழைய உறவு உண்டு. 1960-களில் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆடுதுறையில் உருவான ஆடுதுறை 27 ரகத்தை, திருச்சி வானொலியில் கேட்டுத்தான் தஞ்சாவூர் ஜில்லா முழுக்க விதைத்தார்கள். அதனால் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது. அப்போது திருச்சி பேசியது, நீங்கள் கேட்டீர்கள். இப்போது நீங்களே பேச வேண்டும் என்கிறீர்கள். நல்ல ஆசைதான்.

யார் பெயரில் அனுமதி கிடைக்கும்?

முதலில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான் அனுமதி இருந்தது. 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'அண்ணா எஃப்.எம்.' அந்த வகையில் வந்தது. 2006-ல் விதியைத் தளர்த்தி, இலாப நோக்கமில்லாத அமைப்புகளும் வேளாண் அறிவியல் நிலையங்களும் நடத்தலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. தனி நபருக்கும் அரசியல் கட்சிக்கும் அனுமதி கிடையாது.

நீங்கள் ஒரு சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்திருக்க வேண்டும். பதிவாகி மூன்று ஆண்டுகளாவது ஊருக்கு வேலை செய்த ஆதாரமும் வேண்டும். உழவர் உற்பத்தியாளர் கம்பெனி வைத்திருந்தால், அதன் பெயரில் கேட்க முடியாது. அது இலாபத்தைப் பங்கிடும் அமைப்பு. இன்றைக்குப் புதிதாகச் சங்கம் பதிந்தால் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே பதிவான ஒரு நல்ல தொண்டு அமைப்போடு சேர்ந்து விண்ணப்பிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால், நிகழ்ச்சியைத் தீர்மானிப்பது யார், கணக்கைப் பார்ப்பது யார் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குப் போக வேண்டும். பல துறைகளின் ஒப்புதல், அலைவரிசை ஒதுக்கீடு எனப் படிப்படியாகத்தான் நகரும். பொறுமை தேவை. அதுவரை அவசரப்பட்டு ஒலிபரப்புக் கருவி வாங்கி ஓட்டிவிடாதீர்கள். அனுமதி இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம்.

எவ்வளவு தூரம் கேட்கும்? என்ன பேசலாம்?

ஒலிபரப்பு சக்தி 100 வாட், கம்பத்தின் உயரம் 30 மீட்டர். இதற்குள்தான் இருக்க வேண்டும். மேடு பள்ளமில்லாத டெல்டாவில் சுமார் 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கேட்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அணைக்கரை, பந்தநல்லூர், சோழபுரம் பக்கம் வரை போகும். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் தயாரானதாக இருக்க வேண்டும்.

சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. ஆல் இந்தியா ரேடியோ செய்தியை அப்படியே ஒலிபரப்பலாம். 'அப்புறம் எங்களுக்கு என்ன பிரயோஜனம்?' என்று கேட்காதீர்கள். வானிலை, தண்ணீர், மின்சாரம், பேரிடர் பற்றி உள்ளூர் நிர்வாகம் தரும் அறிவிப்புகள், வேலைவாய்ப்பு, திருவிழா, விளையாட்டு எல்லாம் சொல்லலாம். இன்றைக்கு எந்த வாய்க்காலில் முறை, அறுவடை நேரத்தில் மழை உண்டா, நெல்லின் ஈரப்பதத்தை எப்படிக் குறைப்பது... இவைதானே உங்களுக்குத் தேவை? கஜா புயலில் கரண்டும் செல்போன் கோபுரமும் படுத்த நாட்களை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேட்டரி போட்ட ரேடியோ அப்போதும் பேசும். அதற்கு உங்கள் நிலையத்திலும் ஜெனரேட்டரோ சோலார் பேட்டரியோ இருக்க வேண்டும். இதை முதல் பட்ஜெட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

கேட்பவர் பணத்தில் நடக்குமா?

உலகத்தில் நடந்திருக்கிறது. 1949-ல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் கேபிஎஃப்ஏ என்ற நிலையம் நேயர்கள் தரும் சந்தாவை நம்பித் தொடங்கியது. அது இன்றும் ஒலிக்கிறது. தென் அமெரிக்காவின் பொலிவியா நாட்டில், தகரச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் ஒரு பங்கைப் போட்டே வானொலிகள் நடத்தினார்கள். ராணுவம் வந்து நொறுக்கியபோதும் திரும்பக் கட்டினார்கள். ஆனால், 1985-ல் தகரத்தின் விலை விழுந்து சுரங்கங்கள் மூடப்பட்டன. கூலி போனதும் வானொலிகளும் ஒவ்வொன்றாக நின்றன. ராணுவத்தால் முடியாததை வறுமை செய்துவிட்டது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. மாதச் சம்பளம் இல்லாத விவசாயியிடம் மாதச் சந்தா கேட்டால் நாலாவது மாதம் நின்றுபோகும். டெல்டாவில் ஊர்த் தொழிலாளிக்கும் கோயிலுக்கும் களத்துமேட்டிலேயே நெல் அளந்து கொடுத்த வழக்கம் இருந்தது. அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அறுவடைக்கு அறுவடை ஒரு மரக்கால் நெல், அல்லது அதன் விலை. நிலமில்லாதவர்கள் முடிந்ததைக் கொடுக்கட்டும். கொடுக்க முடியாதவருக்கும் ரேடியோவில் சமமான இடம் வேண்டும்.

கணக்கு இப்படிப் போடலாம். 500 குடும்பங்கள் ஆண்டுக்கு 240 ரூபாய், அதாவது மாதம் 20 ரூபாய்க் கணக்கில் கொடுத்தால், 1,20,000 ரூபாய் சேரும். கரண்ட் பில், இன்டர்நெட், சின்னச் சின்ன ரிப்பேர், ஒருவருக்குப் பகுதி நேர ஊதியம் என்று இழுத்துப் பிடித்தால் ஓட்டலாம். ஸ்டூடியோவும் ஒலிபரப்புக் கருவியும் இந்தப் பணத்தில் வராது. அவை பல லட்சம் ரூபாய் சமாசாரம். கருவிச் செலவில் ஒரு பகுதிக்கு மத்திய அரசின் மானியத் திட்டம் இருக்கிறது. மீதிக்கு நன்கொடை திரட்ட வேண்டும்.

2024-ல் வந்த புதிய வழிகாட்டுதல்படி மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். அரசு விளம்பரத்துக்கு 10 விநாடிக்கு 74 ரூபாய். இது கூடுதல் வருமானம் மட்டும்தான். இதை நம்பிக் கடன் வாங்காதீர்கள், பணம் கைக்கு வரத் தாமதமாகலாம். இன்னொன்று, உரக்கடை விளம்பரத்திலேயே நிலையம் ஓடினால், 'இந்த மருந்து இப்போது அடிக்க வேண்டாம்' என்று சொல்ல வாய் வராது. நேயர் காசு முக்கியம் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணமே இதுதான். மரக்கால் நெல் கொடுத்தவர், 'நேற்று ஏன் தப்பான தகவல் சொன்னீர்கள்?' என்று உரிமையோடு வந்து கேட்பார். கேட்க வேண்டும்.

ஆள் பலம் எவ்வளவு?

காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் போதும். வாரத்துக்கு 14 முறை. முறைக்கு இரண்டு பேர் என்றால் 28 பேர், ஒருவர் வாரம் ஒரு மணி நேரம். அதோடு பதிவு செய்து வெட்டி ஒட்டும் வேலையும் உண்டு. நடவு, அறுவடை நேரத்தில் ஆள் வராது என்பதால் 40 பேரையாவது பழக்கி வையுங்கள். இரண்டு பேர் தலையில் எல்லாவற்றையும் கட்டினால், அவர்களில் ஒருவர் திருப்பூருக்கு வேலைக்குப் போகும் நாளில் நிலையம் மூடிவிடும்.

பெண்களை முன்னால் நிறுத்துங்கள். தெலங்கானாவின் மாச்சனூரில் இருக்கும் 'சங்கம் ரேடியோ' தலித் பெண் விவசாயிகளால் நடத்தப்படுவது. அனுமதி கிடைத்து 2008-ல்தான் அது காற்றில் ஏறியது. ஆனால், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தப் பெண்கள் நிகழ்ச்சிகளை கேசட்டில் பதிந்து, சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டுப் பழகியிருந்தார்கள். கர்நாடகாவின் புதிகோட்டேயில் ஒலிபெருக்கியிலும், பிறகு கேபிள் வழியாகவும் 'நம்ம த்வனி' நடந்தது. நம் ஊரில் நாகை மாவட்டம் விழுந்தமாவடியில் தானம் அறக்கட்டளையின் 'களஞ்சியம்' வானொலியும், பாம்பனில் மீனவர்களுக்கான 'கடல் ஓசை'யும் இருக்கின்றன. முடிவெடுக்கும் முன் நாலைந்து பேராகப் போய் இவற்றில் ஒன்றையாவது பார்த்து வாருங்கள். வருமானம் எவ்வளவு, எந்தக் கருவி அடிக்கடி கெடுகிறது என்று தயங்காமல் கேளுங்கள்.

இப்போதே செய்ய வேண்டியது

அனுமதிக்குக் காத்திராமல் இந்தக் குறுவையிலேயே ஒத்திகையைத் தொடங்குங்கள். செல்போனில் வாரம் அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்றைப் பதியுங்கள். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானி ஒருவரின் பதில், ஒரு மூத்த விவசாயியின் அனுபவம், ஒரு பாட்டு, அந்த வாரத் தண்ணீர் நிலவரம். மெமரி கார்டில் ஏற்றி பால் சொசைட்டியிலும் டீக்கடையிலும் மகளிர் குழுக் கூட்டத்திலும் போடுங்கள். கூடவே ஒரு நோட்டில் சந்தாவும் வாங்குங்கள். மாதா மாதம் வரவு செலவைப் பஞ்சாயத்து அலுவலக வாசலில் ஒட்டுங்கள்.

ஆறு மாதம் ஒரு வாரம்கூடத் தவறாமல் நிகழ்ச்சி வந்து, தை அறுவடையில் 200 குடும்பமாவது மரக்கால் நெல் கொடுத்தால், தைரியமாக விண்ணப்பம் போடுங்கள். இடையிலேயே நின்றுபோனால், வாங்காத கருவிக்கான பல லட்சம் மிச்சம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கட்டண விவரமும் விதிகளும் அவ்வப்போது மாறுகின்றன. விண்ணப்பிக்கும் நேரத்தில் அமைச்சகத்தின் புதிய வழிகாட்டுதலை ஒரு முறை படித்துவிடுங்கள். ஒத்திகை எப்படிப் போகிறது என்று எங்களுக்கும் எழுதுங்கள், மற்ற ஊர்க்காரர்களுக்கும் பயன்படும்.