எல்லையோரத்து லேப்டாப் கணக்கு

பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு வாங்குவது மேக்கா, விண்டோஸா? பெருநகரங்களில் இது கொஞ்சம் அந்தஸ்து கலந்த கேள்வி. கேரளத்தின் நெய்யாற்றின்கரை தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் காரக்கோணத்தில் இது ரப்பர் ஷீட் விற்ற பணத்தின் கேள்வி.

எல்லையின் இரு பக்கமும் பள்ளிகள் வேறு வேறு வழியில் போயின. கேரள அரசுப் பள்ளிகள் லினக்ஸில் கம்ப்யூட்டர் கற்றுத் தருகின்றன. விளவங்கோடு பக்கத்து உறவுக்காரப் பிள்ளைகளுக்கோ, தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸ் வீடு தேடி வந்தது. மேக்கைத் தொட்டுப் பார்த்தவர்கள் குறைவு. ஆசைக்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.

ஆசை தப்பில்லை. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்புக்கு மாறிய பின் மேக்கின் பேட்டரி வெகுநேரம் தாங்குகிறது. மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் இது சின்ன விஷயமல்ல. ஆனால் வாங்கிய பின் மெமரியைக் கூட்ட முடியாது. பல விண்டோஸ் லேப்டாப்களில் நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் வேலை முடிந்தது. தமிழும் மலையாளமும் அடிக்க இரண்டுமே வசதிதான்.

உண்மையில் தீர்ப்பு சொல்வது படிப்பு. மெக்கானிக்கல் மாணவருக்கான சாலிட்வொர்க்ஸ், கட்டட வரைபடத்துக்கான ரெவிட், காமர்ஸ்காரர்களின் டாலி எல்லாம் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. பழைய இன்டெல் மேக்கில் விண்டோஸையும் ஏற்ற உதவிய பூட் கேம்ப், எம் வரிசை மேக்கில் இல்லை. ஐபோனுக்கு ஆப் எழுதுவதென்றால் கதை தலைகீழ். எக்ஸ்கோட் மேக்கில் மட்டுமே ஓடும். உள்ளூர் சோமர்வெல் நினைவு சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மாணவருக்குப் பெரும்பாலும் பாடப் புத்தகமும் வீடியோவும்தான். எதுவானால் என்ன?

செகண்ட் ஹேண்ட் வாங்குவோர்தான் உஷாராக இருக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. இன்டெல் மேக்குகளுக்கு 2025இல் வந்த டஹோதான் கடைசிப் பதிப்பு. மலிவாகக் கிடைக்கிறதென்றால் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

காரக்கோணத்துப் பிள்ளைக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. எல்லைக்கு அப்பால் மாமா வீட்டில் தூசி படிந்து கிடக்கும் பழைய லேப்டாப்பில், பள்ளியில் பழகிய லினக்ஸையே பைசா செலவில்லாமல் ஏற்றிக்கொள்ளலாம். கல்லூரி எந்த சாஃப்ட்வேரைக் கேட்கிறது என்று தெரியும் வரை, முதல் செமஸ்டருக்கு அது போதும்.